துடுப்புச் சக்கரம் முதல் 'பாட் டிரைவ்' வரை: ஹூக்ளிக்கு ஏற்றது எது?

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஹூக்ளி நதியை லாஞ்சில் கடக்காத குடும்பம் அனேகமாக இருக்காது. ஹௌரா ஸ்டேஷனில் இறங்கி, பாலத்து நெரிசலுக்குப் பயந்து பாபுகாட்டுக்கு லாஞ்ச் ஏறுவோம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் தட்சிணேஸ்வரத்தில் காளியைத் தரிசித்துவிட்டு, பேலூர் மடத்துக்குப் படகில் அழைத்துச் செல்வோம். 2024 மார்ச் முதல் நதிக்கு அடியிலேயே மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆனாலும் படகுத்துறைகளில் கூட்டம் இருக்கத்தான் செய்கிறது.

பொறியியல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் என்னைக் கேட்பதுண்டு: "மாமா, வெளிநாட்டு மோட்டார் படகுகளில் எல்லாம் 'பாட் டிரைவ்' வந்துவிட்டதே, நம் லாஞ்சுகளில் மட்டும் ஏன் இன்னும் பழைய ஷாப்ட்டும் சுக்கானும்?" நல்ல கேள்வி. நான் ரயில்வேயில் டீசல் என்ஜின்களோடு காலம் கழித்தவன். கப்பல் பொறியாளன் அல்லன். ஆனால் எந்த வண்டியானாலும் என்ஜினில் பிறக்கும் சக்தியைச் சக்கரத்துக்கோ விசிறிக்கோ கொண்டு சேர்ப்பதுதானே பிரச்சினை? அந்த வழியில் இதைப் பார்ப்போம்.

சக்கரமும் விசிறியும்

இந்தக் கதை நம் நகரத்திலேயே தொடங்குகிறது என்பதில் நாம் பெருமைப்படலாம். 1823-ஆம் ஆண்டு கிதர்ப்பூரில் கட்டப்பட்ட 'டயானா' என்ற நீராவிப் படகு இரு பக்கமும் துடுப்புச் சக்கரம் சுழல ஹூக்ளியில் ஓடியது. அடுத்த ஆண்டே பர்மா யுத்தத்துக்கும் போனது. 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் பயணி ரயில் புறப்பட்டபோது, கல்கத்தாக்காரர்கள் ஆர்மீனியன் காட்டில் படகேறித்தான் ஹௌராவுக்கு வர வேண்டியிருந்தது. அப்போது பாலம் கிடையாது; மிதவைப் பாலம் வந்ததே 1874-இல்தான்.

துடுப்புச் சக்கரத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. ஆழம் குறைந்த தண்ணீரிலும் வேலை செய்யும். தீமை என்னவென்றால், படகு ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு சக்கரம் தண்ணீருக்கு மேலே வெறுமனே சுற்றும். 1845-இல் இங்கிலாந்தில் ஒரு பந்தயம் வைத்தார்கள். 'ராட்லர்' என்ற விசிறிக் கப்பலையும் 'அலெக்டோ' என்ற சக்கரக் கப்பலையும் பின்னோடு பின் கயிற்றால் கட்டி எதிரெதிராக ஓடவிட்டார்கள். காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே குதிரைசக்தி. விசிறிக் கப்பல் மற்றதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு உலகமே படிப்படியாக விசிறிக்கு மாறியது. ஸ்காட்லாந்தில் 1945-இல் கட்டிய 'போபால்' என்ற சக்கரக் கப்பல் மட்டும் நம் துறைமுகத்தில் தப்பிப் பிழைத்து, அண்மையில் புதுப்பிக்கப்பட்டுச் சுற்றுலாவுக்கு வந்திருக்கிறது.

நம் லாஞ்சில் இருப்பது என்ன?

சாதாரண லாஞ்சில் என்ஜின் நடுவிலோ பின்புறத்திலோ இருக்கும். அதிலிருந்து ஒரு நீண்ட ஷாப்ட் சற்றே கீழ்நோக்கிச் சரிந்து, படகின் அடியைத் துளைத்து வெளியே வரும். அதன் நுனியில் விசிறி. விசிறிக்குப் பின்னால் சுக்கான். விசிறி தள்ளும் தண்ணீர் சுக்கானில் மோதித் திரும்புவதால் படகும் திரும்புகிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் ஓடினால்தான் சுக்கானுக்கு வேலை. விசிறி நின்றுவிட்டால், அல்லது பின்னோக்கிச் சுற்றினால், சுக்கான் ஏறக்குறைய வெறும் பலகைதான். துறையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். கடைசியில் பின்னோக்கியும் சுற்ற வேண்டும். ஆக, படகை மிக நுட்பமாகத் திருப்ப வேண்டிய நேரத்தில்தான் சுக்கான் கைவிடுகிறது. போதாததற்கு, ஒற்றை விசிறி பின்னோக்கிச் சுற்றும்போது படகின் பின்பக்கத்தை ஒரு பக்கமாக இழுக்கவும் செய்யும். நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்தே நம் சாரங்குகள் துறையில் அணைவதற்குக் காரணம் இதுதான். அப்படிச் செய்தால் படகு நகராமல் நின்றாலும் சுக்கானைத் தாண்டித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு என்ஜின், இரண்டு விசிறி உள்ள லாஞ்சில் நிலைமை வேறு. ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் சுற்றவிட்டால், நின்ற இடத்திலேயே படகு திரும்பும். மாட்டு வண்டிக்காரர் ஒரு மாட்டை நிறுத்தி மற்றதை ஓட்டித் திருப்புவது போலத்தான்.

கிராமத்துத் துறைகளில் ஓடும் 'புட்புட்டி'யையும் மறக்கக் கூடாது. நம் ஊரில் வயலுக்கு இறைக்கும் பம்ப்செட் டீசல் என்ஜினை நாட்டுப் படகில் பொருத்தினால் அதுதான் புட்புட்டி. மலிவு, எந்த மெக்கானிக்கும் பழுது பார்ப்பார். ஆனால் பலவற்றில் ரிவர்ஸ் கியர் கிடையாது. அதாவது, பிரேக் இல்லாத வண்டி.

பாட் என்பது என்ன?

'பாட்' என்ற சொல்லுக்கு நெற்று, காய் என்று பொருள். அவரைக்காய் போன்ற ஓர் உறை படகின் அடியில் தொங்கும். அதன் நுனியில் விசிறி இருக்கும். அந்த உறையே திரும்புவதால் தனியாகச் சுக்கான் தேவையில்லை. தள்ளும் திசையையே திருப்பிவிடுகிறோம்.

இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு சாதனங்கள் உலவுகின்றன. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் குழம்புகிறார்கள்.

முதலாவது, பெரிய கப்பல்களுக்கான மின்சாரப் பாட். உறைக்குள்ளேயே மின் மோட்டார் இருக்கும். மேலேயிருந்து வருவது கம்பிதான். ஏ.பி.பி. நிறுவனம் பின்லாந்தில் உருவாக்கிய 'அசிபாட்' 1990-இல் 'செய்லி' என்ற பணிக்கப்பலில் முதலில் ஓடியது. 1998-இல் 'இலேஷன்' என்ற உல்லாசக் கப்பலுக்கு வந்தது. இது முழு வட்டமும் திரும்பும்.

இரண்டாவது, மோட்டார் படகுகளுக்கான கியர் பாட். டீசல் என்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும். சக்தி கியர்கள் வழியாகக் கீழே இறங்கி, மறுபடியும் திரும்பி விசிறிக்குப் போகும். ஸ்வீடனின் வால்வோ பென்டா நிறுவனம் 2005 வாக்கில் கொண்டுவந்த 'ஐ.பி.எஸ்.' இந்த வகை. இது முழு வட்டம் திரும்பாது. இரு பக்கமும் ஓரளவுதான் திரும்பும். எனவே இரண்டு பாட்களைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியே கம்ப்யூட்டர் திருப்புகிறது. ஓட்டுபவர் ஒரு சிறு குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறாரோ அந்தப் பக்கம், பக்கவாட்டில் கூட, படகு நகரும்.

ரயில்வே அன்பர்களுக்கு இது எளிதில் புரியும். 1962 முதல் நம் பாதைகளில் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2 என்ஜினில் டீசல் ஜெனரேட்டரைச் சுற்றும். மின்சாரம் ஒவ்வொரு அச்சிலும் தொங்கும் டிராக்ஷன் மோட்டாருக்குப் போகும். அதுதான் அசிபாட். சித்தரஞ்சனில் கட்டிய டபிள்யூ.டி.எஸ்.-4 ஷன்டிங் என்ஜினில் மின்சாரம் இல்லை. டீசலின் சக்தி ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷன் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். அது ஐ.பி.எஸ்.ஸின் உறவினன்.

முன்னால் இழுப்பதா, பின்னால் தள்ளுவதா?

ஐ.பி.எஸ்.ஸில் விசிறிகள் உறையின் முன்பக்கம், படகின் மூக்கைப் பார்த்து இருக்கும். இரண்டு விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுற்றும். முதல் விசிறி தண்ணீரைச் சுழற்றி வீணாக்கும் சக்தியை இரண்டாவது விசிறி மீட்டுக்கொள்ளும். விசிறிக்கு முன்னால் எதுவும் இல்லாததால் கலங்காத தண்ணீர் கிடைக்கும். அமெரிக்காவின் மெர்க்குரியும் கம்மின்ஸும் சேர்ந்து கொண்டுவந்த 'ஜியஸ்' பாட் இதற்கு நேர் எதிர். விசிறிகள் பின்பக்கம், படகின் அடியில் குடைந்த பள்ளத்துக்குள் பாதி ஒளிந்திருக்கும். அடிமட்டத்தில் ஒரு தகடு முதலில் தரையைத் தொட்டு விசிறியைக் காக்கும்.

திறமையில் முன்விசிறிக்குச் சாதகம். பாதுகாப்பில் பின்விசிறிக்குச் சாதகம். எதிரே வரும் கட்டையை முதலில் சந்திப்பது முன்விசிறிதானே! அதனால்தான் ஐ.பி.எஸ். பலமாக மோதினால் பாட் மட்டும் உடைந்து கழன்று விழும்படியும், படகில் ஓட்டை விழாதபடியும் வடிவமைத்திருக்கிறார்கள். உயிர் தப்பும், ஆனால் பாட்டின் விலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது சதவீதம் என்ற கணக்கு

பாட் பொருத்தினால் எரிபொருள் 30 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அது எந்த வேகத்தில் என்று கேட்க வேண்டும்.

சரிந்த ஷாப்ட்டால் வரும் நேரடி நஷ்டம் சொற்பம். பத்து டிகிரி சரிவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டரைப் பங்கு விசை முன்னோக்கியே தள்ளுகிறது. ஷாப்ட், அதைத் தாங்கும் கைகள், சுக்கான் ஆகியவை தண்ணீரில் இழுபடுவதும், விசிறிக்குத் தண்ணீர் சாய்வாக வந்து சேர்வதும்தான் பெரிய நஷ்டம். இந்த இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். உல்லாசப் படகு 30 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டரில், தண்ணீர் மேல் பறக்கிறது. நம் லாஞ்ச் 8 நாட், அதாவது சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். 30-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 14 வருகிறது. அதே பாகங்கள் நம் லாஞ்சில் பதினாலில் ஒரு பங்கு இழுவையைத்தான் தருகின்றன. பாட் மிச்சம் பிடிக்க வந்த செலவே இங்கே பெரிதாக இல்லை! மெதுவாகச் செல்லும் கனமான படகுக்கு, மெல்லச் சுற்றும் பெரிய விசிறியே சிக்கனம்.

பழுது பார்ப்பது யார்?

மழைக்காலத்தில் யார்டில் தண்டவாளத்துக்கு மேல் நான்கு அங்குலம் தண்ணீர் ஏறினால் டீசல் என்ஜினை உள்ளே விடமாட்டோம். டிராக்ஷன் மோட்டார் நனைந்துவிடும். பின்லாந்துக்காரர்களோ மோட்டாரை ஆயுள் முழுவதும் தண்ணீருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்! துணிச்சலான வேலைதான். ஆனால் எல்லாப் பொறுப்பும் சீலிலும் பேரிங்கிலும் வந்து விடிகிறது.

2004-இல் ஓடத் தொடங்கிய 'குவீன் மேரி 2' கப்பலில் தலா 21.5 மெகாவாட் சக்தியுள்ள நான்கு பாட்கள். அவற்றின் உந்துவிசையைத் தாங்கும் பேரிங்குகள் மறுபடி மறுபடி பழுதாகி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ரயில் என்ஜினை ஷெட்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கீழே இறக்கிப் பேரிங் மாற்றலாம். பாட்டின் பேரிங்கை மாற்ற, பெரும்பாலும் கப்பலையே உலர்துறைக்கு ஏற்ற வேண்டும்.

படகுப் பாட் சிறியதுதான். ஆனாலும் அதற்குரிய கியர், சீல், கம்ப்யூட்டர் எல்லாம் கம்பெனி ஆள் வந்தால்தான் சரியாகும். நம் நதியில் ஷாப்ட் வளைந்தால் அதை நிமிர்த்தவும், விசிறியின் இதழ் உடைந்தால் அதை ஒட்டவும் கரையோரப் பட்டறைகளில் கைதேர்ந்த மிஸ்திரிகள் இருக்கிறார்கள். இந்த வசதிக்கு விலை போட முடியாது.

நதி சொல்லும் தீர்ப்பு

ஹூக்ளியில் என்னென்ன மிதக்கின்றன என்று நமக்குத் தெரியும். வாழைமட்டை, ஆகாயத்தாமரை, மாலைகள், பிளாஸ்டிக், அறுந்த வலை. துர்கா பூஜை முடிந்தபின் பிரதிமைகளின் வைக்கோலும் மூங்கில் சட்டமும். கரைத்தவுடனே எடுத்துவிட இப்போது நல்ல ஏற்பாடு இருந்தாலும், தப்பிப் போவதும் உண்டு. அடியில் நகரும் மணல்திட்டு. தண்ணீரில் எப்போதும் வண்டல். முன்விசிறிப் பாட்டுக்கு இதைவிடப் பொல்லாத சோதனைக்களம் வேண்டியதில்லை.

விசிறியே இல்லாத ஜெட் படகும் ஒரு வழி. நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் தன் நாட்டு ஆழமற்ற ஆறுகளுக்காக உருவாக்கியது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும். 1977-இல் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளில் கங்கையின் முகத்துவாரத்தில் புறப்பட்டு, நம் நகரைக் கடந்து, நந்தப்பிரயாகைக்கு அருகில் ஓர் அருவி தடுக்கும் வரை போனார். ஹாமில்டனின் மகன் ஜானும் உடன் சென்றார். மலையாற்றுக்கு அது அற்புதமான சாதனம். ஆனால் மெதுவாகப் போகும் லாஞ்சில் ஜெட் எண்ணெயைக் குடிக்கும். குப்பையையும் சேர்த்து உறிஞ்சும்.

அப்படியானால் நம் லாஞ்சுகளுக்கு எந்த முன்னேற்றமும் வேண்டாமா? வேண்டும். ஏனென்றால் இது சௌகரியம் பற்றிய விஷயம் மட்டுமன்று. 2016 மே மாதம் கால்னாவுக்கும் சாந்திப்பூருக்கும் இடையே அதிகச் சுமை ஏற்றிய படகு கவிழ்ந்து பல உயிர்கள் போயின. 2017 ஏப்ரல் 26 அன்று பத்ரேஸ்வர் அருகே தெலினிபாராவில், ஆற்றில் ஏற்றம் பாய்ந்து வந்தபோது மூங்கில் ஜெட்டி இடிந்து, படகுக்குக் காத்திருந்தவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். எந்தப் பாட்டும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. முதலில் வேண்டியது உறுதியான மிதவை ஜெட்டி, அளவான சுமை, உயிர்காப்பு மிதவை. அடுத்து வேண்டியது, துறையை அணையும் அந்தக் கடைசி ஐம்பது அடியில் படகைக் கட்டுக்குள் வைக்கும் திறன்.

அந்தத் திறனைப் பாட் தருகிறது என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதியை இரட்டை விசிறி குறைந்த செலவில் தந்துவிடுகிறது. இனி மின்சாரம் வந்தால் இன்னும் சுலபம். டீசலில் முன்னோக்கியிலிருந்து பின்னோக்கிக்கு மாற கியர் மாற்றிக் காத்திருக்க வேண்டும். மின் மோட்டார் நொடியில் திசை மாறும். நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையும் தரும். பாட்டைப் புகழ்ந்து சொல்லும் குணங்களில் பாதி உண்மையில் மோட்டாரின் குணம்தான். அதைச் சாதாரண ஷாப்ட்டிலும் பெறலாம்.

இந்தப் பாதை நம் நாட்டில் திறந்தாகிவிட்டது. கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 75 பேர் ஏறும் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு 2017 முதல் ஓடுகிறது. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ பாட்டரிப் படகுகளோடு தொடங்கியது. நம் கார்டன் ரீச் கப்பல் தளமும் மேற்கு வங்க அரசுக்காக 150 பேர் ஏறும் 'டேவு' என்ற மின் படகைக் கட்டியிருக்கிறது. வங்காளியில் அந்தச் சொல்லுக்கு அலை என்று பொருள்.

ஆகவே பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான். ஆழ்கடலில் வேகமாகப் போகும் சொந்தப் படகா? பாட் வாங்கு. துறைமுகத்தில் பெரிய கப்பலைத் தள்ளும் இழுவைப் படகா? முழு வட்டம் திரும்பும் விசிறி வேண்டும். ஹூக்ளியைக் கடக்கும் லாஞ்சா? பள்ளத்துக்குள் பதித்த இரட்டை விசிறி, எளிய ஷாப்ட், முடிந்தால் மின் மோட்டார். எது புதியது என்பதல்ல கேள்வி. எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறது, கெட்டுப்போனால் யார் கை வைப்பார் என்பதுதான் கேள்வி.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை லாஞ்சில் போகும்போது பிள்ளைகளைப் பின்பக்கம் கம்பிக்கு உள்ளே நிறுத்தி, நுரைத் தடம் ஒன்றா இரண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாரங் நீரோட்டத்தை எதிர்த்து எப்படி வளைந்து வந்து அணைகிறார் என்று காட்டுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கயிறு கட்டி முடியும் வரை ஒருவரும் ஜெட்டிக்குத் தாவ வேண்டாம். அந்த அரை நிமிடத்தில்தான் படகு யார் சொல்லையும் கேட்காது.